ஏலகிரி பஸ்ஸில் ரூம் தேடினால் ஆப் ஏன் திணறுது? லிஸ்ட்டுக்குள் ஒளிஞ்சிருக்கும் போட்டோ கணக்கு!

ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, பொன்னேரி வழியா மலையேறுற பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிச்சாச்சு. அடுத்து என்ன? மொபைலை எடுத்து ஏலகிரியில் ரூம் தேடுறதுதான். வீக் எண்டு கூட்டம். 14 கொண்டை ஊசி வளைவு முடியறதுக்குள்ள நல்ல காட்டேஜ் ஒண்ணைப் பிடிச்சிடணும்.

முதல் இரண்டு வளைவு வரைக்கும் எல்லாம் ஓகே. மூணாவது வளைவில் சிக்னல் கோடு ஒண்ணொண்ணா குறையும். காட்டேஜ் பேர் வருது, வாடகை வருது, போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் சாம்பல் நிறக் கட்டம். விரலால் தள்ளினால் லிஸ்ட் விக்கி விக்கி நகருது. ஏரி தெரியும் காட்டேஜைத் தொடப் போற நேரத்தில் மேலே ஒரு போட்டோ திடீர்னு வந்து உட்கார, லிஸ்ட் கீழே குதிச்சு, நீங்க தொட்டது வேற ஏதோ டென்ட் ஹவுஸ்!

"டவர் இல்லப்பா" என்பார் பக்கத்து சீட்காரர். "போன் பழசாயிடுச்சு, மாத்தணும்" என்போம் நாம். இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். ஆனா மூணாவதா ஒரு குற்றவாளி இருக்கு. யாரும் அது மேல கை வைக்கிறதே இல்லை. லிஸ்ட்டில் வரும் போட்டோக்களை அந்த ஆப் எப்படிக் கையாளுது என்பதுதான் அது. அதே பஸ், அதே டவர், அதே போனில் ஒரு ஆப் வழுக்கிக்கிட்டுப் போகுது, இன்னொண்ணு திணறுதுன்னா, வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

சாவிக்கொத்துக்கு முழுத் தோலா?

அத்தனாவூரில் ஒருத்தர் சின்னதா காட்டேஜ் நடத்துறார்னு வெச்சுக்குவோம். காலையில் பனி விலகினதும் தன் மொபைலில் அழகா ஒரு போட்டோ எடுத்து, அப்படியே ஆப்பில் ஏத்திடுறார். 12 மெகாபிக்சல் கேமரா. அதாவது அகலத்தில் 4,000 புள்ளி, உயரத்தில் 3,000 புள்ளி. மொத்தம் 1.2 கோடி புள்ளிகள். ஃபைல் சைஸ் ஏறக்குறைய 4 எம்பி.

இப்போ உங்க கையில் இருக்கும் போனைப் பாருங்க. நிறைய போன்களில் திரையின் அகலமே 1,080 புள்ளிதான். அதில் இரண்டு வரிசையா காட்டேஜ்களைக் காட்டினால், ஒரு போட்டோவுக்குக் கிடைக்கும் இடம் சுமார் 500 புள்ளி அகலம், 375 புள்ளி உயரம். பெருக்கிப் பார்த்தால் 1,87,500 புள்ளி. அத்தனாவூர்க்காரர் ஏத்தின போட்டோவில் இருப்பது அதைப்போல 64 மடங்கு. மீதி 63 பங்கும் உங்க டேட்டாவில் இறங்கி, உங்க பேட்டரியைத் தின்னு, கடைசியில் திரையில் தெரியாமலே போகும்.

மலைக்குக் கீழே ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் வியாபாரம் பார்க்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். வாங்க வர்றவருக்கு முதலில் காட்டுறது சின்னச் சின்ன சாம்பிள் துண்டுகளை. நிறம், மினுக்கு, கனம் எல்லாம் அதிலேயே தெரிஞ்சிடும். பிடிச்சா மட்டும் முழுத் தோலை விரிப்பாங்க. நாற்பது விதத் தோலையும் முழுசா தூக்கிட்டு வந்து மேஜையில் போட்டால், பார்க்கிறவருக்கும் நேரம் போகும், தூக்குறவருக்கும் முதுகு போகும். ஆப்பில் லிஸ்ட் என்பது சாம்பிள் மேஜை மாதிரி. அங்கே முழுத் தோலுக்கு வேலை இல்லை.

40 காட்டேஜ், தலைக்கு 4 எம்பின்னா 160 எம்பி. தினமும் 1.5 ஜிபி பேக் போட்டிருக்கவங்களுக்கு, ரூம் லிஸ்ட்டை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்ததிலேயே அன்றைய டேட்டாவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல காலி! அதே 40 போட்டோவை அந்தச் சின்னக் கட்டத்துக்கு ஏத்த மாதிரி குறைச்சு அனுப்பினால், ஒண்ணு சுமார் 30 கேபி. மொத்தமே 1.2 எம்பி.

வளைவில் சிக்னல் குறைஞ்சு, வேகம் நொடிக்கு 1 மெகாபிட் ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. முழு போட்டோ ஒண்ணு இறங்க 32 நொடி ஆகும். பஸ் அதுக்குள்ள அடுத்த வளைவுக்கே போயிடும். குறைச்ச போட்டோ கால் நொடியில் வந்துடும்.

பெரிய கம்பெனி ஆப்களில் இந்த வேலையை சர்வரே பார்த்துக்கும். நீங்க ஏத்துறது ஒரு போட்டோ. அங்கே அதை நாலைந்து சைஸில் வெட்டி வெச்சு, உங்க போன் எந்த அளவு கேட்குதோ அதை மட்டும் அனுப்புவாங்க. உள்ளூர் கடை ஆப், தனி ரிசார்ட் வெப்சைட், காலேஜ் பசங்க புதுசா ஆரம்பிச்ச ஸ்டார்ட்அப் மாதிரி இடங்களில்தான் ஒரிஜினல் போட்டோவே நேரா லிஸ்ட்டுக்கு வந்து நிற்கும்.

இறங்கின பிறகுதான் இருக்கு கூத்து

"எங்க வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷன். 4 எம்பி எல்லாம் ஒரு மேட்டரா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா வைஃபையில் இருந்தாலும் சில லிஸ்ட்டுகள் விக்கும், கவனிச்சிருக்கீங்களா?

போட்டோ ஃபைல் என்பது மடிச்சுக் கட்டின பொட்டலம் மாதிரி. அதுக்குள்ள சுருக்கி வெச்சிருப்பாங்க. திரையில் காட்டணும்னா பிரிச்சாகணும். பிரிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு என 4 பைட் வேணும். 1.2 கோடி புள்ளிக்கு 4.8 கோடி பைட். அதாவது 4 எம்பி ஃபைல் போனின் நினைவகத்தில், அதாங்க ரேமில், 48 எம்பியா வீங்கி உட்காரும். திரையில் ஒரே நேரத்தில் 10 போட்டோ இருந்தால் 480 எம்பி. சரியான சைஸில் இருந்தால் ஒண்ணு 750 கேபி, பத்தும் சேர்ந்து 7.5 எம்பி.

ஒரு ஆப் இப்படி ரேமை விழுங்க ஆரம்பிச்சா, ஆண்ட்ராய்டு மற்ற ஆப்களை ஒவ்வொண்ணா மூடிப் பார்க்கும். பின்னாடி பாட்டு ஓடிக்கிட்டிருந்தா அதுவும் நிற்கலாம். அப்பவும் போதலைன்னா இந்த ஆப்பையே தூக்கிடும். நல்லா பார்த்துக்கிட்டே இருக்கும்போது ஆப் தானா மூடி, ஹோம் ஸ்க்ரீன் வந்து நிற்குமே, அதுக்கு ஒரு முக்கியக் காரணம் இந்த வீக்கம்தான். 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப்புக்கு ஒதுக்கின நினைவகம் 16 எம்பிதான். அதில் இந்த மாதிரி ஒரு போட்டோவைக்கூட முழுசா பிரிக்க முடியாது. அந்தக் காலத்து டெவலப்பர்கள் வேற வழி இல்லாம கணக்கா இருந்தாங்க. இப்போ 8 ஜிபி, 12 ஜிபின்னு வந்ததும் சிலருக்கு அந்தக் கவலை மறந்தே போச்சு. ஆனா நம்ம ஊரில் 3 ஜிபி, 4 ஜிபி போன் வெச்சிருக்கவங்க இன்னும் நிறைய பேர்.

இனி அந்த விக்கல். நம்ம திரை நொடிக்கு 60 முறை புதுசா வரையப்படுது. ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட். 120 ஹெர்ட்ஸ் திரைன்னா 8.3 மில்லி செகண்ட்தான். நீங்க விரலால் தள்ளும்போது இந்தக் குட்டி நேரத்துக்குள்ள அடுத்த காட்சி ரெடியாகணும். அதே நேரத்தில், அதே ஆளிடம் "இந்த 1.2 கோடி புள்ளியையும் பிரிச்சுக் கொடு" என்று வேலை கொடுத்தால்? அவன் அதை முடிக்கிற வரைக்கும் திரை அப்படியே உறைஞ்சு நிற்கும். அதனால் நல்ல ஆப்பில் திரை வரையறதுக்குத் தனி ஆள், போட்டோ பிரிக்கத் தனி ஆள். சமையல்கட்டு ஆளே கல்லாவிலும் உட்கார்ந்தா பிரியாணிக் கடை என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

ஷூ போட்டோ இடத்தில் செருப்பு வந்தது எப்படி?

லிஸ்ட்டில் 500 காட்டேஜ் இருந்தாலும் ஆப் 500 கட்டம் செய்றதில்லை. திரையில் ஒரே நேரத்தில் 8 கட்டம் தெரியும்னா, மேலே கீழே ஒண்ணு ரெண்டு சேர்த்து, 11 அல்லது 12 கட்டம்தான் செய்யும். மேலே போய் மறைஞ்ச கட்டத்தைக் கழட்டி, கீழே கொண்டு வந்து, புதுப் பெயரும் புது போட்டோவும் போட்டு நிறுத்திடும். ரயில் சீட் மாதிரி. ஜோலார்பேட்டையில் ஒருத்தர் இறங்கினா, அதே சீட்டில் இன்னொருத்தர் உட்காருவார். ஒவ்வொரு பயணிக்கும் புது சீட் அடிக்கிறதில்லை.

ஐபோனில் ஆரம்பத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கு. ஆண்ட்ராய்டில் முதலில் லிஸ்ட்வியூ என்று ஒண்ணு இருந்தது. அதில் பழைய கட்டத்தைத் திரும்பப் பயன்படுத்துறதும் புறக்கணிக்கிறதும் டெவலப்பர் இஷ்டம். 2014-ல் லாலிபாப் வந்த சமயத்தில் கூகுள் ரீசைக்ளர்வியூ என்று புதுசா கொண்டு வந்தது. பெயரிலேயே மறுசுழற்சி இருக்கு, பாருங்க.

இதில்தான் ஒரு வேடிக்கையான தப்பு நடக்கும். ஷூ ஆப் ஒண்ணில் வேகமா ஸ்க்ரோல் பண்றீங்க. 3,499 ரூபாய் லெதர் ஷூன்னு எழுதியிருக்கு, போட்டோவில் ஹவாய் செருப்பு! அடுத்த நொடி அது மாறி ஷூ வந்துடும். என்ன நடந்தது? அந்தக் கட்டம் கொஞ்ச நேரம் முன்னாடி செருப்புக்காக மேலே இருந்தது. அப்போ செருப்பு போட்டோவுக்கு ஆர்டர் போயிருக்கு. சிக்னல் மெதுவா இருந்ததால் போட்டோ வர்றதுக்குள்ள நீங்க தள்ளிட்டீங்க. கட்டம் கீழே வந்து ஷூவுக்கு மாறிடுச்சு. லேட்டா வந்த செருப்பு போட்டோ பழைய விலாசத்தையே நம்பி வந்து உட்கார்ந்துடுச்சு. இறங்கிப்போன பயணியின் டீ, அந்த சீட்டில் புதுசா உட்கார்ந்தவர் கைக்கு வந்த கதைதான்.

தீர்வு ரொம்ப எளிமை. கட்டத்தைக் கழட்டும்போதே பழைய ஆர்டரை கேன்சல் பண்ணணும். புது போட்டோ வரும் வரை கட்டத்தைத் துடைச்சு வெச்சிருக்கணும். இதை ஒவ்வொருத்தரும் தானா எழுத வேண்டியதும் இல்லை. 2013-ல் ஸ்கொயர் கம்பெனி வெளியிட்ட பிகாசோ, 2015-ல் ஃபேஸ்புக் கொடுத்த ஃப்ரெஸ்கோ, கூகுளே பரிந்துரைக்கும் கிளைட், இப்போ கோட்லின் எழுதுறவங்களுக்கு காயில் என இலவசமாகவே கருவிகள் இருக்கு. சைஸ் குறைக்கிறது, தனி ஆளை வெச்சுப் பிரிக்கிறது, கேன்சல் பண்றது எல்லாம் அதுங்களே பார்த்துக்கும். ஆனா ஒண்ணு. இந்தக் கருவியிடமே "ஒரிஜினல் சைஸிலேயே கொடு" என்று கேட்டு வாங்குற ஆப்களும் இருக்கு. அரிசி மெஷினுக்குப் போய்ட்டு நெல்லாவே திருப்பி வாங்கிட்டு வர்ற மாதிரி!

கேன்சலில் இன்னொரு லாபமும் உண்டு. விரலை ஒரே சுண்டு சுண்டி 60 காட்டேஜைத் தாண்டிப் போறோம். நடுவில் போன 50-ஐ நாம் பார்க்கவே இல்லை. அதையெல்லாம் வரிசையா இறக்கிக்கிட்டே இருந்தா, கடைசியில் நாம் நின்ன இடத்தின் போட்டோ வரிசையின் வாலில் நிற்கும். நல்ல ஆப் தாண்டிப் போனதை விட்டுட்டு, கண்ணெதிரே நிற்கிறதை முதலில் கொண்டு வரும். அடுத்து நீங்க போகப் போற ரெண்டு மூணு கட்டத்தையும் முன்கூட்டியே இழுத்து வைக்கும். ரொம்ப முன்னாடி போகவும் கூடாது, டேட்டா வீண்.

200 பைட்டில் ஒரு போட்டோ

வாட்ஸ்அப்பில் யாராவது போட்டோ அனுப்பினா, டவுன்லோடு பண்றதுக்கு முன்னாடியே மங்கலா ஒரு உருவம் தெரியுமே? அத்தை பொண்ணு கல்யாண போட்டோவா, குட் மார்னிங் ரோஜாப்பூவான்னு பாதி நேரம் அதிலேயே கண்டுபிடிச்சிடலாம். அந்த மங்கல், மெசேஜோடு சேர்ந்தே வரும் குட்டிப் படம். முழுப் போட்டோ நீங்க கேட்டால்தான் வரும்.

இதையே உச்சத்துக்குக் கொண்டு போனது 2015-ல் ஃபேஸ்புக் செய்த வேலை. இந்தியா மாதிரி நாடுகளில் 2ஜியில் ஆப்பைத் திறக்கிறவங்களுக்கு கவர் போட்டோ வர ரொம்ப நேரமாகுது. வெறும் கட்டத்தைப் பார்த்துட்டு உட்கார வேண்டியிருக்கு. அவங்க இன்ஜினீயர்கள் வெச்ச இலக்கு, 200 பைட்டுக்குள் ஒரு முன்னோட்டப் படம். 200 பைட்னா எவ்வளவு தெரியுமா? கணினியில் நம்ம தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கும். 'ஏலகிரி' என்ற பெயருக்கு 18 பைட். அதை 11 முறை எழுதினாலே 198 பைட் ஆச்சு. அந்த இடத்துக்குள் ஒரு போட்டோ!

எப்படி முடிஞ்சது? படத்தை 42-க்கு 42 புள்ளியாகச் சுருக்கினாங்க. அப்பவும் ஒரு தொல்லை. ஜேபெக் ஃபைல் எதை எடுத்தாலும் தலைப்பகுதின்னு ஒண்ணு இருக்கும். அதுவே பல நூறு பைட் வரும். எல்லாப் படத்துக்கும் அந்தத் தலைப்பகுதியை ஒரே மாதிரி ஆக்கிட்டா, அதை ஒவ்வொரு தடவையும் அனுப்ப வேண்டியதே இல்லையே? தலைப்பகுதியை ஆப்புக்குள்ளேயே வெச்சுட்டு, உடம்பை மட்டும் அனுப்பினாங்க. போனில் ரெண்டையும் ஒட்டி, பெரிசாக்கி, மங்கலாக்கிக் காட்டினதும் கண்ணுக்கு உறுத்தாத ஒரு முன்னோட்டம் கிடைச்சது. இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறதைத் திரும்பத் திரும்ப பார்சல் அனுப்பாம இருந்தாங்க, அவ்வளவுதான்.

பின்லாந்தின் உணவு டெலிவரி கம்பெனியான வோல்ட் இதே வழியில் பிளர்ஹாஷ் என்று ஒண்ணை வெளியிட்டது. போட்டோவின் சாயலை இருபது முப்பது எழுத்துக்குள் அடக்கிடும். காட்டேஜ் பேரோடு, வாடகையோடு அந்த எழுத்துகளும் வந்துடும். போன் அதை வெச்சு மங்கலான நிறக்கலவையை வரையும். இதைவிட எளிமையான வழியும் உண்டு. பின்டரெஸ்ட் செய்ற மாதிரி, போட்டோவில் அதிகமா இருக்கும் ஒரே ஒரு நிறத்தைக் கட்டத்தில் நிரப்பிடலாம். புங்கனூர் ஏரி போட்டோன்னா ஒரு நீலப் பச்சை, லெதர் ஷூன்னா ஒரு காப்பிக் கலர். சாம்பல் கட்டத்தைவிட எவ்வளவோ மேல்.

இதோடு சேர்ந்து வர்றதுதான் அந்த 'டென்ட் ஹவுஸ்' பிரச்னை. போட்டோ வர்றதுக்கு முன்னாடியே அதன் அகலம், உயரம் என்னன்னு சர்வர் சொல்லிட்டா, ஆப் அந்த இடத்தை ஒதுக்கி வெச்சிடும். துண்டு போட்டு சீட் பிடிக்கிறதுதான், வேறென்ன! அப்படி இடம் பிடிக்காத லிஸ்ட்டில் ஒவ்வொரு போட்டோ வரும்போதும் எல்லாம் கீழே தள்ளப்படும். காட்டேஜ் மாறினா பரவாயில்லை, பணம் கட்டும் பட்டன் மாறினா?

தோலா, ரெக்சினா?

சின்னதாக்குறது நல்லதுன்னு எல்லாத்தையும் பிழிஞ்சு எடுத்தால் வேற சிக்கல் வரும். ஆம்பூர் ஷூ போட்டோவை எடுத்துக்குவோம். நல்ல தோலில் நுணுக்கமான ரேகை இருக்கும், மயிர்க்கால் புள்ளிகள் இருக்கும். அதைப் பார்த்துத்தான் "அசல் தோல்தான்" என்று மனசு ஒத்துக்கும். 1992-ல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, நம்ம கண்ணின் ஒரு பலவீனத்தை வெச்சுப் பிழைக்குது. வெளிச்ச வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு நிற வித்தியாசத்தைக் கண் கண்டுபிடிக்காது. அதனால் நிற விவரத்தைக் குறைச்சு, நுணுக்கமான கோடுகளையும் கொஞ்சம் தூக்கிடும். அளவோடு செய்தால் யாருக்கும் தெரியாது. அளவு மீறினால் முதலில் காணாமல் போவது அந்த ரேகைதான். தோல் ஷூ ரெக்சின் ஷூ மாதிரி வழவழன்னு தெரியும். பழுப்பு ஷேடும் மாறும். வீட்டுக்கு வந்த ஷூவைப் பார்த்துட்டு "போட்டோவில் வேற கலர்" என்று திருப்பி அனுப்புவாங்க. நஷ்டம் யாருக்கு? தைச்சு அனுப்பினவருக்கு.

அதனால் லிஸ்ட்டில் சாம்பிள் துண்டு, உள்ளே போனதும் முழுத் தோல். விரலால் பெரிசாக்கிப் பார்க்கும்போது மட்டும் தரமான பெரிய போட்டோ வரணும். அங்கே 500 கேபி செலவானாலும் தப்பில்லை. பார்க்கிறவர் விரும்பிக் கேட்டது அது. கூகுள் 2010-ல் கொண்டு வந்த வெப்பி, ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவிகிதம் சின்னதா இருக்கும்னு அவங்க கணக்கு. 2019-ல் வந்த ஏவிஐஎஃப் இன்னும் சுருக்கும். நல்லதுதான். ஆனா 64 மடங்கு பெரிய போட்டோவை வெப்பியில் மாத்திட்டு "ஆப்டிமைஸ் பண்ணிட்டோம்" என்று சொல்றது, டிரக்கில் ஏத்தின யானைக்குக் கொலுசைக் கழட்டின கதை. முதலில் சைஸ், அப்புறம்தான் ஃபார்மேட்.

ஃப்ளிப்கார்ட் பார்த்த பாடம்

இதெல்லாம் இன்ஜினீயர்களோட தலைவலி மட்டும்னு நினைக்காதீங்க. 2015-ல் ஃப்ளிப்கார்ட் தன் மொபைல் வெப்சைட்டை மூடிட்டு, எல்லாரையும் ஆப்புக்கு வரச் சொன்னது. அதே வருஷம் நவம்பரில் 'ஃப்ளிப்கார்ட் லைட்' என்று மெலிஞ்ச வடிவில் மொபைல் வெப்சைட்டைத் திரும்பக் கொண்டு வந்தது. காரணம், நம்ம ஊர் நெட்வொர்க். லைட்டுக்கு வந்தவங்களில் 63 சதவிகிதம் பேர் 2ஜியில் வந்தவங்க. பழைய மொபைல் சைட்டில் சராசரியா 70 நொடி இருந்தவங்க, லைட்டில் மூன்றரை நிமிஷம் இருந்தாங்க. டேட்டா செலவு மூணில் ஒரு பங்காச்சு. போட்டோ மட்டுமே இதுக்குக் காரணம் இல்லை. ஒரு தடவை இறங்கினதைப் போனிலேயே சேமிச்சு வெச்சுக்கிட்ட முறைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனா கடையின் வேகத்துக்கும் வியாபாரத்துக்கும் நேரடி சம்பந்தம் இருக்குன்னு அந்தக் கணக்கு காட்டிடுச்சு. ஏலகிரி காட்டேஜ்காரருக்கும் இது பொருந்தும். போட்டோ வராத கட்டத்தை யாரும் தொடுறதில்லை. அடுத்த கட்டத்துக்குப் போயிடுவாங்க.

அதே 2015 அக்டோபரில் ஃபேஸ்புக் ஆபீஸில் 'டூ ஜி டியூஸ்டேஸ்' என்று ஒண்ணு ஆரம்பிச்சாங்க. செவ்வாய்க்கிழமை ஊழியர் ஆப்பைத் திறந்தால், "ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் பார்க்கிறீங்களா?" என்று கேட்கும். சரின்னா அவ்வளவுதான், ஊர்க்காரங்க படுற பாட்டை அவங்களும் படணும். ஓஎம்ஆரில் ஏசி ரூமில், ஆபீஸ் வைஃபையில், புது போனில் மட்டும் சோதிச்சுப் பார்த்து ஆப்பை வெளியிடுறவங்களை ஒரு நாள் ஏலகிரி பஸ்ஸில் ஏத்தி விடணும்னு எனக்குத் தோணும். ஒன்பதாவது வளைவில் லிஸ்ட் ஓடிச்சுன்னா எங்கேயும் ஓடும்.

கேஷை ஏன் துடைக்கிறீங்க?

நம்ம பக்கமும் ஒரு பழக்கம் இருக்கு. 'போன் ஸ்லோவா இருக்கு'ன்னு வாரத்துக்கு ரெண்டு தடவை கேஷ் கிளியர் பண்றது. இதுக்குன்னு ஒரு கிளீனர் ஆப் வேற!

கேஷ் என்பது ஒரு தடவை இறங்கின போட்டோக்களை ஆப் பத்திரமா வெச்சிருக்கும் அலமாரி. ரெண்டு தட்டு. ஒண்ணு ரேமில், உடனே எடுக்கலாம். இன்னொண்ணு போனின் சேமிப்பில், ஆப்பை மூடித் திறந்தாலும் இருக்கும். இடம் நிறைஞ்சா ரொம்ப நாளா தொடாததை ஆப்பே தூக்கிப் போடும். நீங்க வீட்டில் வைஃபையில் பார்த்த காட்டேஜ் லிஸ்ட், மலைப்பாதையில் சிக்னல் இல்லாதபோதும் போட்டோவோடு வருதுன்னா, அது இந்த அலமாரியின் புண்ணியம். அதைத் துடைச்சா, அத்தனையும் மறுபடி உங்க டேட்டாவில் இறங்கணும். போனில் இடமே இல்லை, இல்லைன்னா ஒரு ஆப் கோளாறா நடக்குது என்றால் மட்டும் துடைங்க. சும்மா சும்மா வேணாம்.

ரூம் பார்க்கணும்னா ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே வைஃபையில் லிஸ்ட்டை ஒரு முறை முழுசா ஸ்க்ரோல் பண்ணி வெச்சுக்கோங்க. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் செட்டிங்ஸில் டேட்டா சேவர் இருக்கு. வாட்ஸ்அப்பில் மொபைல் டேட்டாவில் தானா டவுன்லோடு ஆவதை நிறுத்திடலாம். சில கம்பெனிகள் லைட் ஆப்பும் தர்றாங்க. பழைய போனுக்கு அது கைகொடுக்கும்.

நீங்களே ஹோம்ஸ்டே, ஷூ, பேக் ஏதாவது விக்கிறவங்களா? ஆப்பிலோ வெப்சைட்டிலோ ஏத்தும் முன் போட்டோவை நீளவாக்கில் 1,600 புள்ளிக்குக் குறைச்சிடுங்க. போனிலேயே இருக்கும் எடிட்டரில் ரீசைஸ் என்று இருக்கும். 30 போட்டோ ஏத்துறதைவிட, வெளிச்சம் நல்லா இருக்கும் 6 போட்டோ போதும். முதல் போட்டோவில் முக்கியமான பொருள் நடுவில் பெரிசா இருக்கட்டும். லிஸ்ட்டில் அது கட்டைவிரல் அளவில்தான் தெரியும், தூரத்தில் நிற்கும் காட்டேஜ் அதில் ஒரு புள்ளியாகிடும். முக்கியமா, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை சேவ் பண்ணி ஏத்தாதீங்க. அது ஏற்கெனவே ஒரு முறை பிழிஞ்சது. 2023-ல் எச்டி ஆப்ஷன் வந்த பிறகு நிலைமை பரவாயில்லை என்றாலும், அதுவும் ஒரிஜினல் இல்லை. போட்டோ எடுத்த போனிலிருந்தே நேரா ஏத்துங்க.

உங்க போனில் எந்த ஆப் இந்தக் கணக்கில் மோசம்னு பார்க்க ஆசையா? செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பகுதிக்குப் போங்க. ஒவ்வொரு ஆப்பும் எவ்வளவு டேட்டா எடுத்திருக்குன்னு தனித்தனியா இருக்கும். ரெண்டு ஷாப்பிங் ஆப்பின் எண்ணைக் குறிச்சு வெச்சுக்கோங்க. வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, ரெண்டிலும் ஷூ லிஸ்ட்டை ரெண்டு ரெண்டு நிமிஷம் தள்ளுங்க. வீடியோ ஓடாத பக்கமா பார்த்துக்கோங்க. திரும்பிப் போய் எண்ணைப் பாருங்க. ஒண்ணு 5 எம்பியிலும் இன்னொண்ணு 80 எம்பியிலும் நின்னா, எதை போனில் வெச்சிருக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.